கொஞ்சம் களைக்க வேண்டும்: வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

போன இதழில், மூச்சுப்பலம் உள்ளவர்களின் உடற்கலங்கள் மெதுவாக முதுமையடைகின்றன என்று நாலு வரி எழுதியிருந்தேன். ஏரோபிக் உடற்தகுதி என்று சொல்வதைத்தான் மூச்சுப்பலம் என்கிறேன். இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஒட்சிசனை எடுத்து எரிக்கின்றன என்பதுதான் அதன் அளவு. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுவதும் இதற்கே. ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் உயிரியல் படிப்பித்தவள், பின்னேரங்களில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடப் பழக்கியவள், வைத்தியர் அல்ல. நெஞ்சு வருத்தம், பிரஷர், சீனி என்று கிளினிக்குக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ரத்தத்தில் டெலோமியர் என்று ஒன்றை அளந்து உடம்பின் உண்மையான வயதைச் சொல்கிற பரிசோதனை இருக்கிறதாம். கனடாவில் இருக்கிற மகன் எனக்கும் அதைச் செய்விக்கப் போகிறேன் என்கிறான். ஓடினால் அது நீளுமாம், வயதும் குறையுமாம். எனக்கு 63. நம்பலாமா ரீச்சர்?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கோண்டாவில்)

பதில்: பாதி உண்மை, ஐயா. அந்தப் பாதியே பெரிய விஷயம் என்பதால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

கடகம் பார்த்திருப்பீர்கள். ஓலையை எவ்வளவு நெருக்கமாக இழைத்தாலும் வாய்விளிம்பில் நார் வைத்துக் கட்டாவிட்டால் நாலு நாளில் பிரிந்துவிடும். நம் கலங்களுக்குள் மரபுச் செய்தியைச் சுமந்துகொண்டு இருக்கிற நிறமூர்த்தங்களின் நுனியிலும் அப்படி ஒரு விளிம்புக்கட்டு இருக்கிறது, அதுதான் டெலோமியர். ஆறெழுத்துக் குறியீடு ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை திரும்பத் திரும்ப வருவதைத் தவிர அதில் வேறு செய்தி எதுவும் இல்லை. கலம் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அந்த நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. 1961இல் லெனார்ட் ஹேஃப்லிக், போல் மூர்ஹெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மனிதக் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 50 தடவை பிரிந்ததும் அவை நின்றுவிட்டன. அதுவரை கலங்கள் முடிவில்லாமல் பிரியும் என்றுதான் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பேர்னும் தேய்ந்த நுனியைத் திரும்ப நீட்டுகிற டெலோமரேஸ் என்ற நொதியத்தைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் குளத்துத் தண்ணீரில் வாழ்கிற ஒற்றைக்கல உயிரி ஒன்றில். ஜாக் சொஸ்டாக்குடன் சேர்த்து அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த நாளெல்லாம் எனக்குச் சந்தோஷமான நாள்.

நுனி தேய்ந்து பிரிவதை நிறுத்திய கலம் உடனே செத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல். அது அங்கேயே இருந்துகொண்டு அழற்சியை உண்டாக்குகிற பொருட்களைக் கசியவிடுகிறது, பக்கத்தில் இருக்கிற நல்ல கலமும் அதனால் கெடுகிறது. கறுத்தக்கொழும்பான் பெட்டிக்குள் ஒரு பழம் அழுகினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, ஓட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2008இல் லண்டனில் 2,401 இரட்டையர்களின் வெண்குருதிக் கலங்களைப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் அதிகம் உடலை அசைத்தவர்களின் டெலோமியர், அசையாமல் இருந்தவர்களுடையதை விட ஏறத்தாழ 200 எழுத்து நீளமாக இருந்தது. தங்களை விடப் பத்து வயது வரை இளையவர்களிடம் காண்கிற நீளம் அது. 2010இல் அமெரிக்காவில் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், வருடக்கணக்காக ஓடிப் பழகிய 55 வயது தாண்டியவர்களின் நுனி இளையவர்களின் நுனியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை, ஓடாத அதே வயதுக்காரர்களுக்குத் தெளிவாகக் குறைந்திருந்தது. மூச்சுப்பலம் கூடக் கூட நீளமும் கூடியது. ஆனால் இவை இரண்டும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டவை மட்டுமே, உடம்பு நன்றாக இருக்கிறவன்தான் ஓடப் போகிறான் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதில் தேடியவர்கள் ஜெர்மன்காரர்கள். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, நோயற்றவர்களைச் சீட்டுப்போட்டுப் பிரிப்பதுபோலப் பிரித்து, கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். 124 பேர் கடைசிவரை நின்றார்கள். ஒரே சீராக ஓடியவர்களுக்கும், விரைவும் மெதுவுமாக மாறி மாறி ஓடியவர்களுக்கும் டெலோமரேஸின் வேலை இரண்டு மூன்று மடங்கு கூடியது, டெலோமியரும் நீண்டது. கருவிகளில் பாரம் தூக்கியவர்களுக்கு அந்த மாற்றம் வரவில்லை. 2019இல் அச்சான ஆய்வு இது.

இனிமேல் மற்றப் பாதி. அந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஐயா. ஒரே வயதுள்ள, நன்றாக இருக்கிற இரண்டு பேருக்கே டெலோமியர் நீளம் மிகவும் வேறுபடும், அளக்கிற முறையிலும் பிழை வரும், ஒரு தனி மனிதரைப் பார்த்து உங்களுக்கு இத்தனை வயது என்று சொல்ல அது உதவாது. நீளமாக இருந்தால் எல்லாம் நல்லது என்பதும் சரியல்ல. புற்றுநோய்க் கலங்களில் பத்தில் ஒன்பது அளவு, இதே டெலோமரேஸைத் தூண்டித்தான் சாகாமல் பெருகுகின்றன. பிறப்பிலேயே நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய் கூடுதலாக வருவதையும் கண்டிருக்கிறார்கள். ஓட்டத்தால் வருகிற மாற்றம் அப்படிப்பட்டது அல்ல, உடம்பு தன் பராமரிப்பைத் தானே ஒழுங்காகச் செய்வதன் அடையாளம் அது. மகனிடம் அந்தக் காசுக்கு ஒரு நல்ல சைக்கிள் கேளுங்கள். தபால் பையோடு எத்தனை வருடம் மிதித்த கால்கள் அவை.

கேள்வி: விடிய நாலரைக்கு எழும்பினால் இரவு பத்து மணிவரை இருக்க நேரமில்லை. முற்றம் கூட்டுவது, தேங்காய் திருவுவது, உடுப்புத் தோய்ப்பது, மாட்டுக்குப் புல்லு, எல்லாம் நான்தான். இதற்கு மேலே நடக்கவும் வேண்டுமா? வயது 48.
(இல்லத்தரசி, சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சும்மா இருக்கவில்லை, அதை யாரும் சொல்லவும் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வீட்டுவேலையையும் உடல் அசைவாகவே கணக்கெடுக்கிறது. ஆனால் நாரி முறிய வேலை செய்வதும் மூச்சுப்பலம் கூடுவதும் ஒன்றல்ல. எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

போன சித்திரையில் என் தங்கச்சி வீட்டில் நின்றேன். அவளுக்கு 52. வளவு முழுவதும் பலாச் சருகு, ஒரு மணித்தியாலம் குனிந்து கூட்டி முடித்துவிட்டு விறாந்தையில் வந்து இருந்தாள். பழக்கதோஷத்தில் கையைப் பிடித்து நாடி பார்த்தேன், 15 விநாடிக்கு 23, அதாவது நிமிடத்துக்கு 92. வியர்வை ஒழுகுகிறது, நாரி நோகிறது, ஆனால் இதயம் அப்படி ஒன்றும் வேலை செய்யவில்லை. நாங்கள் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே யாரோ படலையைத் திறந்துவிட்டு வர, கட்டு அவிழ்ந்து நின்ற ஆடு ஒழுங்கையால் ஓடியது. இவள் பின்னால் ஓடினாள். மதவடி வரை போய்ப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், கொண்டை அவிழ்ந்துவிட்டது, வாய் திறந்தபடி. திரும்ப நாடி பார்த்தேன், 15 விநாடிக்கு 34. நிமிடத்துக்கு 136. 220இலிருந்து வயதைக் கழித்தால் அவளுக்கு உச்சத் துடிப்பு 168 என்று ஒரு தோராயக் கணக்கு, அதில் ஐந்தில் நாலு பங்கு. அந்த ஒரு மணித்தியாலக் கூட்டல் தராத ஒன்றை ஆடு மூன்று நிமிடத்தில் கொடுத்துவிட்டது.

அந்த மூன்று நிமிடத்தில் கலத்துக்குள் என்ன நடக்கிறது? தொடைத் தசைக் கலத்தில் இழைமணிகள் என்று நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன, ஒட்சிசனை எரித்துச் சக்தி தருவது அவைதான். கேட்கிற சக்தியைக் கொடுக்க முடியாமல் அவை திணறும்போது, அடுப்புக் காணாது, இன்னும் கட்டு என்று கலத்தின் கருவுக்குச் செய்தி போகிறது. திணறல் இல்லாவிட்டால் செய்தியும் இல்லை. 1967இல் ஜோன் ஹொலோசி என்ற அமெரிக்கர் எலிகளை மாதக்கணக்கில் ஓடப் பழக்கிவிட்டு அவற்றின் தசையைப் பார்த்தபோது இழைமணிகளின் நொதியங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தன. புதிது வருவதோடு, பழுதான பழைய இழைமணிகளைக் கலம் தானே உடைத்துச் சுத்தமாக்குவதும் உடற்பயிற்சியால் கூடுகிறது. அப்படிக் கலம் தன் குப்பையைத் தானே தின்று தீர்க்கிற வழியைக் கண்டறிந்ததற்குத்தான் ஜப்பானின் யொஷினோரி ஒசுமிக்கு 2016இல் நோபல் கொடுத்தார்கள். பழுதான இழைமணி புகை கக்குகிற அடுப்பு மாதிரி, வைத்திருந்தால் வீடே கறுக்கும்.

அதனால் உங்களுக்கு நான் கேட்பது கூடுதல் வேலை அல்ல, வேலையைக் குறைத்து அரை மணித்தியாலம். அளவு எப்படித் தெரியும் என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியக் கூடாது. அந்த மூச்சில் கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணித்தியாலம், முடிந்தால் 300 நிமிடம் வரை. அரை மணித்தியாலம் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகவும் செய்யலாம். அந்த நேரத்தில் தேங்காயை வீட்டில் வேறு யாராவது திருவட்டும். இதை உங்கள் கணவரும் படிக்கிற இடத்தில் பத்திரிகையை வையுங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை, நாள் முழுக்கக் கதிரை. பின்னேரம் ஜிம்மில் பாரம் தூக்குகிறேன், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஓட வேண்டிய அவசியம் உண்டா?
(27 வயது, திருநெல்வேலி)

பதில்: உண்டு, தம்பி. மேலே கோண்டாவில் ஐயாவுக்குச் சொன்ன ஜெர்மன் ஆய்வைப் பாருங்கள். பாரம் தூக்குவதை விடவும் வேண்டாம், நாற்பதுக்குப் பிறகு தசை கரைவதைத் தடுப்பது அதுதான், கிழமையில் இரண்டு நாள் கட்டாயம் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலை. 1953இல் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் லண்டன் பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே சம்பள நிலை, ஒரே தெரு. சாரதி இருந்தபடி ஓட்டுகிறார், கண்டக்டர் இரண்டு தட்டு பஸ்ஸின் படியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்கு எவ்வளவோ குறைவாக வந்தது. உங்கள் கதிரை அந்தச் சாரதியின் இருக்கை. திருநெல்வேலியிலிருந்து டவுனுக்கு எவ்வளவு தூரம்? நாலு கிலோமீற்றர் இருக்குமா? மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் போய் வாருங்கள், பயிற்சிக்கென்று தனி நேரமே தேவைப்படாது.

எங்கள் குடாநாடு மேடு பள்ளம் இல்லாத தரை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் எல்லோரும் மிதித்தோம், பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இருபது மைல் மிதித்துக் கச்சேரிக்கு வந்து அன்றைக்கே திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காலம் திரும்ப வரவே கூடாது, அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. பயத்திலும் பசியிலும் மிதித்த மிதி அது. ஆனால் யாரும் துரத்தாமல், நமக்காக நாமே மிதிக்கிற சுதந்திரம் இப்போது இருக்கும்போது சைக்கிளைக் கொட்டிலில் துருப்பிடிக்க விடுவதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

கேள்வி: லண்டனில் இருந்து மச்சாள் வைட்டமின் சி, ஈ குளிசை அனுப்புகிறா. கலம் முதுமையடையாமல் தடுக்குமாம், நடக்கப் போக முன்னம் போடட்டாம்.
(வாசகி, மானிப்பாய்)

பதில்: வேண்டாம். 2009இல் ஜெர்மனியில் 40 இளைஞர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். குளிசை போடாதவர்களின் உடம்பு இன்சுலினை நன்றாகப் பயன்படுத்தப் பழகியது, போட்டவர்களுக்கு அந்த நன்மை வரவில்லை. ஓடும்போது கலத்துக்குள் உண்டாகிற அந்தச் சின்ன நெருப்புத்தான் உடம்பைத் தன் பாதுகாப்பைக் கட்டச் சொல்லித் தூண்டுவது, குளிசை அதை அணைத்துவிடுகிறது. வைத்தியர் ஒரு குறைக்காக எழுதித் தந்த வைட்டமின் என்றால் அது வேறு கதை, அதை நிறுத்தாதீர்கள். மற்றபடி நெல்லிக்காயும் முருங்கையிலையும் போதும்.

கேள்வி: ஓட ஆசை, ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் ஓடினால் எல்லாப் படலையிலும் தலை தெரியும். நாய்களும் விடாது. என்ன செய்ய?
(ஆசிரியை, 29 வயது, வடமராட்சி)

பதில்: பிள்ளை, இந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் தைத்தது. நான் மைதானத்தில் ஓடவிட்ட பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளாவது ஓடியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம், அந்த ஒழுங்கையில் இருக்கப்போவது நீங்கள். அதனால் இரண்டு வழி. ஒன்று, தனியாகப் போகாமல் மூன்று நாலு பேராகச் சேருங்கள், ஒரு மாதம் போனால் படலைகள் தானாக மூடும், கூட்டமாகப் போனால் நாயும் யோசிக்கும். விடிய ஐந்தரைக்கு நடந்து பழகிய பெண்கள் குழு ஒன்று எங்கள் பக்கத்தில் இரண்டு வருடமாக இருக்கிறது, முதல் மாதம்தான் கஷ்டம் என்றார்கள்.

இரண்டாவது, வளவுக்குள்ளேயே. ஸ்கிப்பிங் கயிறு போதும். நோர்வேயில் ஆராய்ந்து பெயர் பெற்ற முறை ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, வசனம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு நாலு நிமிடம் வேகம், பிறகு மூன்று நிமிடம் மெதுவாக நடை, இப்படி நாலு தடவை. ஜெர்மன் ஆய்வில் விரைவும் மெதுவுமாக ஓடிய குழுவுக்கும் இதே நாலுக்கு நாலுதான். முதல் கிழமையே நாலு நிமிடம் துள்ள முடியாது, ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: வயது 71. சீனி வருத்தம் பதினைந்து வருடமாக, முழங்கால் நோவு. இனிமேல் நடந்து என்ன வரப்போகுது பிள்ளை, கலம் எல்லாம் கிழடாய்ப் போயிருக்கும்.
(ஒரு பேத்தி எழுதி அனுப்பியது, அரியாலை)

பதில்: அம்மா, மூன்று வருடத்துக்கு முன்னம் எனக்குக் கணுக்கால் முறிந்து மூன்று கிழமை படுக்கை. கட்டுப் பிரித்த அன்று கிணற்றடிக்குப் போய்வரவே களைத்தது, துலாக்கால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நான் வகுப்பில் சும்மா சொல்லிக்கொண்டு போன ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐந்து பேரை மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்கவைத்தார்கள். அவர்களின் மூச்சுப்பலம் சரிந்து விழுந்தது. அதே ஐந்து பேரையும் 30 வருடம் கழித்து, 50 வயதில் கூப்பிட்டு அளந்தபோது, 30 வருட முதுமை குறைத்ததை விட அந்த மூன்று கிழமைப் படுக்கை குறைத்ததுதான் அதிகம் என்று தெரிந்தது. பிறகு ஆறு மாதம் நடையும் மெதுவோட்டமும் சைக்கிளுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். படுக்கைக்கு முன்னம், இருபது வயதில் இருந்த மூச்சுப்பலம் திரும்ப வந்தது. நாங்கள் வயது என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும் பங்கு, இருந்தது இருந்தபடி இருந்ததால் வந்தது, அம்மா.

ஐம்பது வயது எங்கே, எழுபத்தொன்று எங்கே என்று கேட்பீர்கள். பிரான்சில் ரொபேர்ட் மார்ஷோன் என்று ஒருவர் இருந்தார். 101 வயதில் விஞ்ஞானிகள் அவருடைய மூச்சுப்பலத்தை அளந்து, சைக்கிள் பயிற்சி கொடுத்து, 103இல் திரும்ப அளந்தார்கள். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலீற்றர் ஒட்சிசன் எடுத்தவர் 35 எடுத்தார். 2012இல் ஒரு மணித்தியாலத்தில் சைக்கிளில் 24 கிலோமீற்றர் ஓடிய அதே மனிதர் 2014இல் ஏறத்தாழ 27 கிலோமீற்றர் ஓடினார். எல்லோரும் அவராக முடியாது. ஆனால் நூறு தாண்டிய தசையும் கேட்கிறது, பதில் சொல்கிறது என்பதைக் காட்ட ஒருவர் போதும். அமெரிக்காவில் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் பேரை ஓடுபொறியில் சோதித்து 2018இல் வெளியிட்டபோதும், மிகக் குறைந்த மூச்சுப்பலத்திலிருந்து ஒரு படி மேலே இருந்தவர்களுக்கே இறப்பு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. நீங்கள் ஏறவேண்டியது அந்த முதல் படி மட்டும்தான்.

முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள், காலையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தத்தில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், அதனால் கோவில் வீதி என்றாலும் வெறுங்காலோடு வேண்டாம், மெத்தென்ற சப்பாத்து. இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் வெறுவயிற்றில் வெளிக்கிடாமல், இரண்டு டொபியை மடியில் முடிந்துகொள்ளுங்கள், கை நடுங்கினால் உடனே வாயில் போட. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், வீடு போய்ப் பார்ப்போம் என்று நடக்கக் கூடாது. வெயில் ஏற முன்னம் அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. முழங்கால் நோவுக்கு முழு ஓய்வு மருந்தல்ல, தொடைத் தசை பலப்பட்டால்தான் முழங்காலின் பாரம் குறையும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருங்கள், ஐந்து முறை போதும்.

நடை வெளியே வேண்டாம், வளவுக்குள். படலையிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து படலை. முதல் கிழமை ஐந்து சுற்று. மூச்சு கொஞ்சம் மேலே வாங்க வேண்டும், பேத்தியோடு கதைக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு சுற்றுக் கூட்டுங்கள், நோவு கூடினால் ஒரு சுற்றைக் குறையுங்கள், விட்டுவிட மட்டும் வேண்டாம். பேத்தி, நீ கலண்டர்த் தாளில் ஒவ்வொரு நாளும் சுற்றின் எண்ணிக்கையைக் குறித்துவை, தைப்பொங்கலுக்கு அந்தத் தாள்களை எனக்கு அனுப்பு.